இளமையில் அயல்நாட்டில் கேட்ட பாடல்: அடிக்கடி கேட்டால் நினைவு தேய்ந்துவிடுமா?

மஞ்சக்குப்பத்தார் (கடலூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பாடலைப் பற்றிய கேள்வியும் ஒரு கேசட்டைப் பற்றிய கேள்வியும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே கேட்கிறேன்.

1982இல், இருபத்தொரு வயதில், வெல்டர் வேலைக்காகச் சிங்கப்பூர் போனேன். அந்நாளில் நம் பக்கத்து ஆட்கள் பலரும் போனதைப் போலவே நானும் சென்னையில் 'சிதம்பரம்' கப்பலில் ஏறி, நாகப்பட்டினம், பினாங்கு என்று தொட்டுத் தொட்டுப் போய்ச் சேர்ந்தேன். புறப்படுவதற்கு முன்பு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பாடல்களின் பட்டியலை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட் ஒன்றில் பதிந்து வாங்கிக்கொண்டேன். அதன் 'பி' பக்கத்தில் கடைசியாக வருவது 'ப்ரியா' படத்தின் 'அக்கரைச் சீமை அழகினிலே'. இளையராஜா இசையில், பஞ்சு அருணாசலத்தின் வரிகளை ஜேசுதாஸ் பாடியது. படம் 1978இல் வந்தது. சிங்கப்பூரிலேயே படமாக்கப்பட்ட அந்தப் பாடலை, அந்த ஊருக்குக் கப்பலேறப் போகிற பையன் எப்படி விடுவான்?

ஆனால் பாடல் முழுதாக இல்லை. பக்கத்துக்கு முப்பது நிமிடம்தான் என்பதால், கடைசிச் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து, டேப்ரிக்கார்டரின் பொத்தான் 'டக்' என்று மேலே எழும்பிவிடும். எங்கள் தங்கும் கொட்டகையில் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பண்ருட்டிக்காரர் ஒருவர், காரைக்கால்காரர் இருவர், மற்றவர்கள் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் நம் ஆட்கள் கூடும் தேக்கா வட்டாரத்தில் சுற்றிவிட்டு, ஊருக்கு ஏரோகிராம் எழுதி முடித்து, பண்ருட்டிக்காரர் வைத்த மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கேசட் ஓடும். பொத்தான் எழும்பிய அந்தக் கணத்தில், யாரும் சொல்லாமலே, விட்ட இடத்திலிருந்து அறை முழுவதும் சேர்ந்து பாடலைப் பாடி முடிக்கும். அடுப்படியில் இருக்கிறவரும் பாடுவார், குளித்துவிட்டுத் துண்டோடு வருகிறவரும் பாடுவார். சுருதி சேராது, தாளம் முன்பின்னாகப் போகும், ஆனால் முடிக்காமல் ஒரு ஞாயிறும் விட்டதில்லை.

ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, இப்போது என் மகள் கைபேசியில் இதே பாடலைத் தெளிவாக, முழுமையாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். முதல் முறை கேட்டபோது அந்த அறையின் சுவர், கொசுவலை, எண்ணெய்ப் புகை எல்லாம் எதிரில் வந்து நின்றன. ஆசையில் காலையும் மாலையும் கேட்கத் தொடங்கினேன். சில வாரங்களில் பாடல் வெறும் பாடலாகிக்கொண்டு வருவதாக உணர்கிறேன். அதைவிடவும், கடைசிச் சரணத்தை ஜேசுதாஸே பாடி முடித்துவிடுவதால், அந்த இடத்தில் பாடிய என் நண்பர்களுக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

என் கேள்விகள் இவைதாம். பாடலை அடிக்கடி கேட்பதால் அதனோடு ஒட்டியிருக்கும் நினைவு உண்மையிலேயே தேயுமா? பழைய கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது ஓட்டு வீட்டில் நனைந்த பெட்டிக்குள் கிடந்தது, அதன் பிறகு நான் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. அதைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்ற முடியுமா? உங்களுக்கும் இப்படி ஒரு பாடல் இருந்தால், அதை எப்படி வைத்துக் காக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

—

கெடிலக்கரை ஆசிரியை (கடலூர்) பதில்:

ஐயா, கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்பவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவையே மற்ற காலங்களைவிட அதிகமாக வந்து விழுகின்றன. முதல் வேலை, முதல் பயணம், வீட்டை விட்டுத் தனியாக வாழ்ந்த முதல் அனுபவம் எல்லாம் அந்த வயதில்தான் நேர்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அயல்நாடு என்பது அத்தனை முதல்களையும் ஒரே சமயத்தில் கொண்டு வந்து கொட்டுகிற இடம். ஆகையால் இருபத்தொரு வயதில் கப்பலேறியவருக்கு அந்தக் காலத்துப் பாடல் அழுத்தமாகப் பதிந்திருப்பதில் வியப்பில்லை.

பாடலுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பை மூளைப் படம் எடுத்து ஆராய்ந்தவர்களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெட்ர் ஜனாட்டா முக்கியமானவர். சிறுவயதிலும் பதின்பருவத்திலும் பரவலாக ஒலித்த பாடல்களின் துண்டுகளைக் கேட்கச் செய்து அவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பாடல் ஒரு சொந்த நினைவை எழுப்பும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் நடுப்புறம் கூடுதலாக இயங்குவது தெரிந்தது. அல்சைமர் நோயில் மற்ற பல பகுதிகளைவிடப் பிந்தித்தான் அந்தப் பகுதி தேய்கிறது. மறதி நோயில் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்தவர்கள்கூடப் பழைய பாடலின் அடுத்த அடியைப் பாடிவிடுவதை நம் வீடுகளிலேயே பார்த்திருப்போம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு பாடல் ஒரே ஒரு காலத்தோடு மட்டும் பிணைந்திருக்கும்வரை அந்தக் காலத்தை உடனே எழுப்பும். அதே பாடலை இன்று காலை நடைப்பயிற்சியிலும், நாளை பேருந்திலும், மறுநாள் காய்கறி நறுக்கும்போதும் கேட்டால், அவை ஒவ்வொன்றும் புதிதாக அந்தப் பாடலோடு ஒட்டிக்கொள்கின்றன. பிணைப்புகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றையும் தனித்து எழுப்பும் வலு குறையும் என்பது நினைவாற்றல் ஆய்வில் நன்கு அறியப்பட்ட ஒன்று. எனவே நீங்கள் உணர்ந்தது மனப்பிரமை அன்று. நினைவு அழியவில்லை, அதற்குப் போகும் வழியில் கூட்டம் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சில மாதங்கள் பாடலைத் தொடாமல் விட்டுவைத்து, பிறகு ஏதேனும் ஒரு குறித்த நாளில் மட்டும் கேட்டுப் பாருங்கள் என்பது என் ஆலோசனை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் நினைவை எழுப்பும் தூண்டுகோல் பாடல் மட்டுமன்று, அது அறுபடும் இடமும் கூட. கைபேசியில் வரும் பதிவில் அந்த அறுபடுதல் இல்லாதபோது, உங்கள் நினைவின் மிக முக்கியமான பகுதிக்கு அழைப்பே போகவில்லை. ஆகவே கேசட்டைக் காப்பாற்ற முயல்வது உணர்ச்சிவசப்பட்ட வீண்வேலை என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்.

—

துய்மா வீதி வாசகர் (புதுச்சேரி) பதில்:

மதிப்பிற்குரிய அம்மையார் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் பாடலைப் பூட்டி வைக்கச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் காரணத்தைச் சொல்கிறேன்.

1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டதையும், சில ஆயிரம் பேர் அப்படியே வைத்துக்கொண்டதையும் இங்கே பலரும் அறிவார்கள். எங்களுடையது அத்தகைய குடும்பம். எனவே 1970களின் நடுவில், கட்டாய இராணுவச் சேவையை முடித்த கையோடு, பாரிசில் தபால் பிரிக்கும் இரவு வேலையில் சேர்ந்தேன். மோன்மார்த்ர் குன்றின் அடிவாரத்தில், ஆறாம் மாடியில், முன்பு பணிப்பெண்களுக்கென்று கட்டப்பட்ட கூரையடி அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. கட்டிலும் மேசையும் போட்டால் நிற்க இடமிராது; தண்ணீர்க் குழாய் நடைவழியில் இருந்தது; சன்னலைத் திறந்தால் துத்தநாகக் கூரைகளும் புகைபோக்கிகளும் மட்டுமே தெரியும்.

பக்கத்து அறையில் இருந்த மூதாட்டி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரே இசைத்தட்டை ஓடவிடுவார். சுவர் மெல்லியது, எனக்கோ இரவு வேலை முடிந்து தூங்கும் நேரம். பிரெஞ்சுப் பாடகர் ஷார்ல் அஸ்னவூர் 1965இல் பாடிய 'லா பொஏம்' என்ற பாட்டு அது. ஒரு வயதான ஓவியர், இருபது வயதில் மோன்மார்த்ரில் தாம் வாழ்ந்த வறுமையையும் காதலையும் நினைத்துப் பாடுவதாக அமைந்தது. சன்னல்வரை ஏறிவந்த லைலாக் பூக்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு, ஓவியத்துக்கு ஈடாகக் கிடைத்த சூடான உணவு என்று சொல்லிக்கொண்டே போய், பிற்காலத்தில் அந்தத் தெருவுக்குத் திரும்பிச் சென்று பார்த்தால் தம் இளமை கண்ட சுவர்களோ தெருக்களோ எதுவும் அடையாளம் தெரியவில்லை என்று முடியும். எழுதியவர் ழாக் பிளாந்த், இசை அஸ்னவூருடையது. அவரே அடைக்கலம் தேடி வந்த ஆர்மீனிய இனப் பெற்றோருக்குப் பாரிசில் பிறந்தவர் என்பதால், வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்களின் ஏக்கம் அவர் குரலில் இயல்பாகவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இருபத்திரண்டு வயதில் அந்தப் பாட்டில் எனக்குக் கேட்டது குன்றும் பூவும் காதலும்தான். முதியவர் திரும்பி வரும் கடைசிப் பகுதி என் காதில் ஏறவே இல்லை. பணி ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்கு வந்து குடியேறிய பிறகுதான் அந்தப் பகுதி கேட்கத் தொடங்கியது. மேடையில் இந்தப் பாட்டைப் பாடும்போது அஸ்னவூர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, ஓவியர் தூரிகையைத் துடைப்பதைப் போல விரல்களைத் துடைத்து, முடிவில் அதைக் கீழே போட்டுவிடுவார். இளைஞனாகத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அதை நல்ல நடிப்பு என்று நினைத்தேன். அவர் 2018 அக்டோபர் 1ஆம் தேதி காலமானபோது, பழைய நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டார்கள். அந்தக் கைக்குட்டை விழுவதைப் பார்க்க முடியாமல் எழுந்து கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அந்தப் பாட்டைப் பூட்டி வைத்திருந்தால், அது என்றென்றும் அந்த ஆறாம் மாடி அறையாகவே இருந்திருக்கும். விடாமல் கேட்டதால், அந்த அறையும் இருக்கிறது, அந்த அறையைவிட்டு வந்தவனும் இருக்கிறான். கூர்மை சிறிது குறைந்தது உண்மைதான், ஆனால் அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைத்தது பெரிது. ஜூன் 21ஆம் தேதி இங்கே நடக்கும் இசைத் திருநாளில் பிரெஞ்சு படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பாட்டைப் பாடும்போது, உச்சரிப்பைத் திருத்துகிற சாக்கில் நானும் போய் நின்றுகொள்கிறேன். மஞ்சக்குப்பத்தார் ஐயாவும் பாட்டைத் தள்ளி வைக்காமல், அந்தக் கடைசிச் சரணத்தை உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பாட வைக்கலாம்.

ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏறிப்போன 'சிதம்பரம்' கப்பல், அதற்கு முன் 'பாஸ்தேர்' என்ற பெயரில் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றுக்காக ஓடிக்கொண்டிருந்த கப்பல்தான். இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கிப் பெயர் மாற்றியது. 1984 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததோடு அதன் பயணம் முடிந்துபோனது.

—

மஞ்சக்குப்பத்தார்:

இருவருக்கும் நன்றி. தீ விபத்துச் செய்தி வந்தபோது நாங்கள் அங்கேதான் இருந்தோம். அடுத்த மாதம் அதே கப்பலில் ஊர் திரும்ப இருந்தவர்கள் எங்கள் அறையிலேயே இருந்தார்கள், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்ற யோசனை மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவர்கள் பாடினால் அது அவர்கள் பாட்டாகிவிடும், அந்த அறை என்ன ஆகும் என்ற தயக்கமும் இருக்கிறது. வேறு யாரேனும் என்ன செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

—

லாசுப்பேட்டை அம்மாள் (புதுச்சேரி) பதில்:

நீங்கள் இருவரும் போய்த் திரும்பியவர்கள். நான் வியட்நாமின் சைகோனில் பிறந்து வளர்ந்து, இருபது வயதில் 'சொந்த ஊர்' என்று சொல்லப்பட்ட புதுச்சேரிக்கு முதன்முதலாக வந்து இறங்கியவள். என் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் போனவர், என் தந்தை அங்கே ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போவோம்; வியட்நாமியப் பெண்களும் கற்றை ஊதுபத்தியோடு வந்து அதே அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் வியட்நாமியம் என்று மூன்றும் எங்களுக்கு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன. 1975 ஏப்ரல் 30ஆம் தேதி சைகோன் வட வியட்நாமியப் படைகளிடம் வீழ்ந்ததோடு எல்லாம் மாறியது. அடுத்த ஆண்டு நாங்கள் கிளம்பிவிட்டோம்.

என் பாட்டு வியட்நாமியப் பாடலாசிரியர் திரின் கோங் சோன் எழுதிய 'யியெம் ஸூவா'. கான் லீ என்ற பாடகியின் கனத்த குரலில் தெருமுனைக் காப்பிக் கடைகளில் அது ஓயாமல் ஒலித்தது. ஹுவே நகரத்தில் தம் வீட்டு வழியாக மழையில் நடந்து போன ஒரு பெண்ணை நினைத்து அவர் எழுதியது என்பார்கள். பழைய கோபுரத்தின் மேல் மழை பெய்துகொண்டே இருக்கிறது என்றுதான் பாட்டு ஆரம்பிக்கும். சைகோனில் மழைக்காலம் மே மாதத்தில் தொடங்கும். பள்ளி விடுகிற நேரத்துக்குச் சரியாக வானம் இடிந்து கொட்டும். நானும் என் தோழியும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காப்பிக் கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே ஒதுங்குவோம். தகரத்தின் மேல் மழைச் சத்தம், உள்ளே கான் லீயின் குரல், கண்ணாடிக் குவளையின் மேல் வைத்த வடிகட்டியிலிருந்து துளித் துளியாக இறங்கும் காப்பி. அதை வாங்கிக் குடிக்க எங்களிடம் காசிருந்ததில்லை, வாசனையோடு சரி.

புதுச்சேரிக்கு வந்தபின் அந்தப் பாட்டை நான் கேட்கவே இல்லை. கேட்கக் கிடைக்கவுமில்லை, தேடவுமில்லை. இந்த ஊரில் வேரூன்ற வேண்டும் என்ற கட்டாயத்தில் அந்த ஊரை மனத்துக்குள் அடைத்து வைத்தேன். ஆசிரியை அம்மையார் சொல்கிற மாதிரி தொடாமல் வைத்திருந்ததால் என் நினைவு பழுதின்றிக் காப்பாற்றப்பட்டதா என்றால், இல்லை. தோழியின் முகம் மங்கிப்போயிற்று. காப்பிக் கடை எந்தத் தெருவில் இருந்தது என்பதுகூடக் குழம்பிப்போயிற்று. என் பேத்தி கைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்த நாளிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. ஒருநாள் தோழியின் சைக்கிள் மணியின் சத்தம் வந்தது. இன்னொரு நாள், சாய்ப்பிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குக் கடைக்காரி ஒரு நீல நிற வாளியை வைத்தது வந்தது. இவற்றைத் தேடி நான் மனத்தைத் துழாவவில்லை, பாட்டு ஓடும்போது தாமாக வந்தன.

ஆகையால் நான் தினமும் கேட்கிறேன், சமையல் செய்யும்போது கேட்கிறேன். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் இன்னும் அதிகமாகக் கேட்கிறேன். அந்த மழையும் இந்த மழையும் கலந்துவிடுகின்றன என்பது உண்மைதான். கலந்தால் என்ன? இரண்டு இடத்திலும் வாழ்ந்தவள் நான்தானே. போய்ப் பார்க்க அந்த வீடு இல்லை, கடிதம் போட அந்தத் தோழியின் முகவரி இல்லை. உங்களுக்கு நண்பர்களின் ஊரும் பேரும் தெரியும், ஐயா. உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். பாட்டைக் கேட்பதா வேண்டாமா என்பதைவிட அது அவசரமான வேலை.

—

கெடிலக்கரை ஆசிரியை:

அம்மா, உங்கள் அனுபவம் என் ஆலோசனைக்கு நேர்மாறாக இருப்பதை மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறேன். நெடுங்காலம் யாரோடும் பேசாமல், எதனாலும் தூண்டப்படாமல் கிடக்கும் நினைவு மங்குவதும் இயல்பே. இவர் அந்த நாட்களைப் பற்றி வீட்டில் இடைவிடாமல் பேசி வந்திருப்பார், நீங்கள் வாய்திறக்கவே இல்லை. அந்த வேறுபாடுதான் இங்கே பெரிது என்று நினைக்கிறேன்.

—

நாடாப்பெட்டி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி) பதில்:

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன். பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கடலோர வீடுகளில் இருந்து வருகிற கேசட்டுகளில் பாதிக்கு மேல் பூஞ்சைதான் தொல்லை.

முதலில் கேசட்டை எதிலும் போட்டு ஓட்டாதீர்கள். கேசட் கூட்டின் சன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளைத் தூள் படிந்தது போலத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது பூஞ்சை. அதோடு ஓட்டினால் நாடாவும் கெடும், டேப்ரிக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஈரத்தை இழுக்க விடுங்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது.

அடுத்து, நாடா எந்தப் பக்கச் சுருளில் இருக்கிறது என்று பாருங்கள். 'பி' பக்கத்தின் முடிவும் 'ஏ' பக்கத்தின் தொடக்கமும் நாடாவில் ஒரே இடம்தான். 'ஏ' பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கும்போது நாடா முழுவதும் இடப்பக்கம் இருந்தால், உங்கள் பாட்டு சுருளின் வெளிச்சுற்றில் கிடக்கிறது, ஈரம் முதலில் பட்ட இடம் அது. வலப்பக்கம் இருந்தால் பாட்டு உள்சுற்றில், அச்சுக்கு அருகே பத்திரமாக இருக்கும். அறுபது நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா உண்டு. அத்தனை சுற்றையும் தாண்டி ஈரம் உள்ளே போவது கடினம்.

நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய ஃபெல்ட் துண்டு, செம்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கிவிடும். வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். கேசட் கூடு திருகாணி போட்டதாக இருந்தால் திறப்பது எளிது, ஒட்டிய கூடாக இருந்தால் கவனமாகப் பிளக்க வேண்டும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்துவிட்டு, பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் சாய்வுக்கு ஏற்ப நம் ஹெட்டின் திருகாணியைச் சற்றே திருப்பினால், மூடிக்கிடந்த உயர்ந்த ஒலிகள் திறந்துகொள்ளும். காதை வைத்துக் கேட்டுக்கொண்டே திருப்ப வேண்டிய வேலை அது, அவசரப்பட்டால் நடக்காது.

கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் பதிந்து வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இரைச்சலை நீக்கி, வேகத்தைச் சரிசெய்து தரச் சொல்வார்கள். உங்கள் கேசட்டுக்கு அதை நான் செய்யமாட்டேன். நாடா ஓட வேண்டிய வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஆனால் அன்றைய ரெக்கார்டிங் சென்டர்களின் இயந்திரங்கள் சற்று முன்பின்னாக ஓடின, அதனால் உங்கள் ஜேசுதாஸ் உண்மையான சுருதியைவிடக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ பாடியிருப்பார். நீங்கள் அத்தனை ஞாயிறும் கேட்டது அந்தச் சுருதியில்தான். அறுபடுகிற இடத்தை அப்படியே விட்டு, அதற்குப் பின்னால் ஒரு நிமிட மௌனத்தையும் சேர்த்துத் தருகிறேன். அந்த மௌனத்தில் பேரப்பிள்ளைகள் பாடுவதா, நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பாடச் சொல்வதா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

—

மஞ்சக்குப்பத்தார்:

படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. அனைவருக்கும் தலைவணங்குகிறேன்.

பெட்டியை இறக்கிப் பார்த்தேன். 'ஏ' பக்கத்தை மேலே வைத்தால் நாடா முழுவதும் வலப்பக்கம் இருக்கிறது. சுருளின் ஓரத்தில் ஓரிடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. ஃபெல்ட் துண்டைக் காணவில்லை, செம்புத் தகடு மட்டும் இருக்கிறது. அட்டையில் கடைக்காரர் பச்சை மையில் எழுதிய பட்டியல் நீர்பட்டுக் கலைந்திருந்தாலும், கடைசிப் பாட்டின் பெயரைப் படிக்க முடிகிறது. அதன் எதிரில் 'முழுசா வராது தம்பி' என்று எழுதியிருக்கிறார். இதை நான் இத்தனை காலம் கவனித்ததே இல்லை.

லாசுப்பேட்டை அம்மா சொன்னதைக் கேட்டு நேற்றே பண்ருட்டிக்காரரின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது, காது சற்று மந்தம். கைபேசியில் பாட்டைப் போட்டு, கடைசிச் சரணத்தின் பாதியில் நானே நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. தொடங்கிவிட்டார். அவருடைய மருமகள் சமையலறையிலிருந்து வந்து, மாமா பாடி நான் கேட்டதே இல்லை என்றார்.

கைபேசியில் தினமும் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேசட் தயாரானதும், காரைக்காலில் இருக்கிற நண்பரையும் வரவழைத்து, மூவருமாகக் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம். நாடாப்பெட்டி ஐயா, வரும் ஞாயிறு புதுச்சேரிக்குக் கொண்டுவரலாமா? பேருந்தில் வரும்போது நாடா தளராமல் இருக்கப் பென்சிலைச் செருகி இறுக்கிக் கொண்டுவரட்டுமா?

—

நாடாப்பெட்டி:

வலப்பக்கம் இருப்பது நல்ல செய்தி, பாட்டுக்குப் பெரிதாகச் சேதம் இருக்காது. பென்சிலைத் தொடவே வேண்டாம். பூஞ்சை பிடித்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்கும்போது காந்தப் பூச்சு உரிந்துவிடும். இருக்கிறபடியே டப்பாவில் வைத்து, சுற்றிலும் துணி அடைத்து, ஆடாமல் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எப்போது வந்தாலும் இருப்பேன். ஃபெல்ட் துண்டு என்னிடம் இருக்கிறது. பண்ருட்டிக்காரரால் வர முடியுமானால் அவரையும் அழைத்து வாருங்கள், ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும்போது அந்தக் கேசட்டின் ஒலி எப்படி இருந்தது என்று சொல்ல இன்னொரு காது இருந்தால் நல்லது.